எம்எஸ்சி பிசிக்ஸ்ல கம்ப்யூட்டர் லேப் இருக்கா? சேர்ந்த உடனே பண்ண வேண்டியதெல்லாம் இங்க

பிஎஸ்சி முழுக்க ஸ்பெக்ட்ரோமீட்டர், கேரி ஃபாஸ்டர் பிரிட்ஜ்னு ஓட்டிட்டு எம்எஸ்சி வந்ததும் டைம்டேபிள்ல “கம்ப்யூட்டேஷனல் பிசிக்ஸ்” இல்லன்னா “நியூமெரிக்கல் மெத்தட்ஸ் லேப்”னு ஒண்ணு வந்து நிக்கும். பிளஸ் டூல கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்தவங்க உக்காந்த உடனே தடதடன்னு அடிக்க ஆரம்பிச்சிடுவாங்க, பயோ மேத்ஸ் எடுத்துட்டு வந்த நாம ஸ்க்ரீனையே பார்த்துட்டு இருப்போம். இந்தக் கட்டுரை நம்ம கூட்டத்துக்குத்தான். யாராவது ஒருத்தர் முன்னாடியே இதை உக்கார வச்சு சொல்லியிருந்தா முதல் செமஸ்டர்ல இவ்ளோ தூக்கம் கெட்டிருக்காதுன்னு தோணுச்சு, அதான் எழுதறேன்.

1. முதல்ல சிலபஸ் பிடிஎஃப் எடுங்க, யூட்யூப் அப்புறம்

எல்லாரும் பண்றது என்னன்னா லேப் இருக்குன்னு தெரிஞ்ச அன்னிக்கே “பைத்தான் ஃபுல் கோர்ஸ்”னு தேடி பத்து மணி நேர வீடியோ ஒண்ணைப் போட்டு உக்காந்துடறது. அதை நிறுத்துங்க. உங்க யூனிவர்சிட்டி சைட்ல உங்க பேட்ச்சுக்கான சிலபஸ் பிடிஎஃப் இருக்கும், அதுல நாலு விஷயம் பாருங்க: எந்த லாங்குவேஜ், எத்தனை எக்ஸ்பெரிமென்ட், இன்டர்னல் எக்ஸ்டர்னல் மார்க் எப்படிப் பிரியுது, ரெக்கார்டுக்கு எவ்ளோ மார்க்.

லாங்குவேஜ்தான் பெரிய பொறி. ஒரு காலேஜ்ல சி++, பக்கத்து காலேஜ்ல பைத்தான், இன்னொண்ணுல மேட்லேப் இல்ல சைலேப், சில இடத்துல இன்னும் ஃபோர்ட்ரான் கூட ஓடுது. சிலபஸ் சில வருஷத்துக்கு ஒரு தடவை மாறும், அதனால சீனியர் அக்கா பாசமா குடுக்கற ரெக்கார்ட் நோட்டு உங்க பேட்ச்சுக்குப் பொருந்தும்னு எந்த கேரண்டியும் இல்ல. வாங்கி வச்சுக்கோங்க, ஆனா முதல் பக்கத்துல இருக்கற வருஷத்தையும் பேப்பர் கோடையும் உங்க சிலபஸோட ஒப்பிட்டுப் பார்த்துட்டுத் தொடுங்க.

அப்புறம் லேப் சார்கிட்டயோ லேப் அசிஸ்டன்ட் அண்ணாகிட்டயோ ஒரே ஒரு கேள்வி: “எக்ஸாம் அன்னிக்கு எந்த சிஸ்டம், அதுல என்ன சாஃப்ட்வேர், எந்த வெர்ஷன்?” இதைக் கேக்க யாருமே யோசிக்க மாட்டாங்க, ஆனா இதுக்கான பதில்தான் அடுத்த ஸ்டெப்பையே முடிவு பண்ணுது.

2. செட்டப்: காசு ஒரு ரூபா கூட செலவு பண்ண வேண்டாம்

புது லேப்டாப் வாங்கணும்னு வீட்ல கேக்காதீங்க. எம்எஸ்சி லேப்ல வர்ற எந்த எக்ஸ்பெரிமென்ட்டும் 4 ஜிபி ராம் இருக்கற பழைய மெஷின்ல நல்லாவே ஓடும். பைத்தான், ஜிசிசி (சி++ புரோகிராமை ஓட்டற கம்பைலர்), சைலேப், ஆக்டேவ் எல்லாமே இலவசம். சிலபஸ்ல மேட்லேப்னு போட்டிருந்தா வீட்ல பிராக்டிஸுக்கு ஆக்டேவ் போதும், கிட்டத்தட்ட அதே மாதிரிதான் எழுதணும். கிராக் வெர்ஷன் எறக்கி வைரஸ் வாங்கிக் கட்டிக்காதீங்க.

பைத்தான்னா பழைய லேப்டாப்புக்கு தானி (Thonny)ங்கற எடிட்டர் நல்லா இருக்கும், சின்னதா இருக்கும், பைத்தானும் கூடவே வந்துடும், கணக்குக்கான நம்பை, கிராஃபுக்கான மேட்பிளாட்லிப் ரெண்டு லைப்ரரியையும் அதோட மெனுவுலயே போட்டுக்கலாம். அனகோண்டா எல்லாத்தையும் சேர்த்துக் குடுக்கும், ஆனா டிஸ்க்ல பல ஜிபி தின்னுடும், மொபைல் டேட்டால எறக்கறவங்க யோசிச்சுக்கோங்க. லேப்டாப்பே இல்லன்னா கூகுள் கோலாப், போன் பிரவுசர்லயே ஓடும். ஆனா கோலாப்லயே பழகிட்டு எக்ஸாம் ஹால் போனா அங்க நெட் இருக்காது, நம்பை போட்டு வச்சிருக்காங்களான்னே தெரியாது. அதனால மாசத்துக்கு ரெண்டு தடவையாவது காலேஜ் லேப் சிஸ்டத்துல உக்காந்து அடிச்சுப் பாருங்க.

சி++னா இன்னொரு கதை. இன்னும் நெறைய லேப்ல டாஸ்பாக்ஸ் (பழைய டாஸ் புரோகிராமை ஓட்டற சாஃப்ட்வேர்)குள்ள அந்த நீலக் கலர் டர்போ சி++தான். அதுல ஓடற புரோகிராம் வீட்ல புது ஜிசிசில ஓடாது, முதல் வரியிலயே எர்ரர் அடிக்கும். டர்போல ஹெட்டர் பேர் கடைசில டாட் ஹெச் வரும், புதுசுல வராது, அதுக்குப் பதிலா நேம்ஸ்பேஸ் வரி ஒண்ணு வேணும், வாய்டு மெயினுக்கு பதிலா இன்ட் மெயின், ஸ்க்ரீனைத் துடைக்கற கிளியர் ஸ்க்ரீன் வரியும் கடைசில வர்ற கெட்ச் வரியும் புதுசுல இல்ல. லாஜிக் ஒண்ணுதான், மேல இருக்கற நாலு வரியும் கீழ ஒரு வரியும்தான் வேற. ரெண்டு வடிவத்தையும் ஒரு பேப்பர்ல பக்கம் பக்கமா எழுதி நோட்டுல ஒட்டிக்கோங்க, தலைவலி பாதி போயிடும்.

ஒரு சின்ன விஷயம், ஆனா இதுல மாட்டினவங்க சாயங்காலம் வரைக்கும் முழிப்பாங்க: உங்க ஃபைலுக்கு நம்பைனோ ரேண்டம்னோ மேத்னோ பேர் வைக்காதீங்க. லைப்ரரியோட பேரையே ஃபைலுக்கு வச்சா பைத்தான் பல நேரம் லைப்ரரிய விட்டுட்டு உங்க ஃபைலயே எடுத்துக்கும், அப்புறம் சம்பந்தமே இல்லாத எர்ரரா வரும்.

3. லாங்குவேஜ் முழுசா படிக்காதீங்க, இவ்ளோ போதும்

வேரியபிள், இஃப், ஃபார் லூப், வைல் லூப், ஃபங்ஷன், அர்ரே, ஃபைல்ல எழுதறது, கிராஃப் போடறது. முடிஞ்சது. கிளாஸ், ஆப்ஜெக்ட், டெக்கரேட்டர் எல்லாம் இப்போதைக்கு வேண்டாம். தமிழ்ல கேட்டாத்தான் ஏறும்னா ஐஐடி பாம்பேயோட ஸ்போக்கன் டுட்டோரியல்ல சி, சி++, பைத்தான், சைலேப் எல்லாத்துக்கும் தமிழ் குரல்ல சின்னச் சின்ன வீடியோ இருக்கு, இலவசம்தான், டவுன்லோட் பண்ணி வச்சுட்டு நெட் இல்லாமயும் பார்க்கலாம். கொஞ்சம் பழைய வெர்ஷன்ல எடுத்திருப்பாங்க. பைத்தான் வீடியோல பிரின்ட்டுக்கு அடைப்புக்குறி இல்லாம எழுதினா அது பைத்தான் 2, அதோட காலம் 2020 ஜனவரி 1ஓட முடிஞ்சது, நீங்க அடைப்புக்குறி போட்டு அடிங்க.

4. முதல் சிமுலேஷன்: ஸ்பிரிங்கை கையால பண்ணுங்க

இதுதான் முக்கியமான ஸ்டெப், இதை மட்டும் அவசரப்படாம பண்ணுங்க. ஒரு ஸ்பிரிங், ஒரு எடை. மாஸ் 1, ஸ்பிரிங் கான்ஸ்டன்ட் 1னு வச்சுட்டா ஆக்ஸிலரேஷன் = மைனஸ் எக்ஸ், அவ்ளோதான் (எக்ஸ்னா எடை இருக்கற இடம், வின்னா அதோட வேகம்). ஆரம்பத்துல எக்ஸ் = 1, வி = 0. ஒரு ஸ்டெப்புக்கான நேரம், அதாவது டிடி = 0.1. ஆய்லர் மெத்தட் சொல்றது: புது எக்ஸ் = பழைய எக்ஸ் + பழைய வி × 0.1, புது வி = பழைய வி − பழைய எக்ஸ் × 0.1.

சிஸ்டத்தைத் தொடாம பேப்பர்ல மூணு ஸ்டெப் போடுங்க. முதல் ஸ்டெப்ல எக்ஸ் 1, வி −0.1. ரெண்டாவதுல எக்ஸ் 0.99, வி −0.2. மூணாவதுல எக்ஸ் 0.97, வி −0.299. இப்ப இதையே புரோகிராமா எழுதி மூணு வரி பிரின்ட் பண்ணுங்க, இதே நம்பர் வந்தா உங்க லூப் சரி. வரலன்னா தப்பு இந்த மூணு வரிக்குள்ளயே கண்ணுல பட்டுடும், ஆயிரம் வரி அவுட்புட்ல தேட வேண்டாம்.

இப்ப எக்ஸ் ஸ்கொயர் + வி ஸ்கொயர் கணக்கு போடுங்க (எனர்ஜியோட ரெண்டு மடங்கு அது). 1ல ஆரம்பிச்சு 1.01, 1.0201, 1.030301னு ஏறுது பாருங்க. ஸ்பிரிங்குக்கு யாரும் எனர்ஜி குடுக்கல, அது மாறவே கூடாது, ஆனா ஒவ்வொரு ஸ்டெப்லயும் கரெக்டா 1.01 மடங்கு ஆகுது. ஒரு முழு ஆட்டத்துக்கு சுமார் 63 ஸ்டெப், அதுக்குள்ள எனர்ஜி 1.87 மடங்கு. பத்து ஆட்டம் ஓட விட்டா 500 மடங்குக்கு மேல போயிடும். கிராஃப் போட்டா ஸ்பிரிங் வீட்டை விட்டு வெளிய ஓடற மாதிரி இருக்கும். கோட்ல ஒரு எழுத்து கூடத் தப்பில்ல, மெத்தடே அப்படி. நெறைய பேர் இங்கதான் “என் புரோகிராம் தப்பு”ன்னு நெனச்சு ராத்திரி பூரா செமிகோலன் தேடிட்டு இருப்பாங்க.

இப்ப ஒரே ஒரு மாற்றம் பண்ணுங்க. வி கணக்கை முதல்ல போட்டு, அந்தப் புது வியை வச்சு எக்ஸ் கணக்கு போடுங்க. எக்ஸ் வரியில பழைய விக்கு பதிலா புது வி, அவ்ளோதான். இதுக்குப் பேர் ஆய்லர் குரோமர். எனர்ஜி லேசா ஏறி இறங்கும், ஆனா ஓடிப் போகாது, எத்தனை ஆட்டம் விட்டாலும் அதே இடத்துல சுத்தும். பிளானட் ஆர்பிட், பெண்டுலம், மாலிக்யூல் எல்லாத்துக்கும் இந்த யோசனைதான் அடிப்படை. வைவால எனர்ஜி பத்தி கேட்டா இந்த ரெண்டு கிராஃபையும் காட்டி பேசுங்க, எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் நிமிர்ந்து உக்காருவார்.

5. எர்ரர் வராத தப்புங்க

சிவப்புக் கலர்ல எர்ரர் வந்தா நல்லது, வரி நம்பரோட சொல்லிடும். சத்தமே இல்லாம தப்பு விடை குடுக்கறதுதான் ஆபத்து.

சைன் ஃபங்ஷனுக்குள்ள 90 போட்டா 1 வராது, 0.894 வரும், ஏன்னா அது ரேடியன்ல எடுத்துக்கும். கால்குலேட்டர்ல டிகிரி மோட்ல பழகின கை, லென்ஸ், பிரிசம், புரொஜெக்டைல்னு ஆங்கிள் வர்ற எல்லா புரோகிராம்லயும் இதைப் பண்ணும்.

சி++லயும் ஃபோர்ட்ரான்லயும் 1/2ன்னு அடிச்சா விடை 0. ரெண்டும் முழு எண்ணா இருக்கறதால முழு எண்ணாவே வகுத்துடும். கைனெட்டிக் எனர்ஜில பாதி போடறதுக்கு 1/2ன்னு எழுதினா எனர்ஜி மொத்தமும் பூஜ்யம். 1.0/2.0ன்னு அடிங்க, இல்ல நேரா 0.5. பைத்தான் 3ல இந்தப் பிரச்சினை இல்ல, அதனாலயே பைத்தான்ல இருந்து சி++க்கு மாறறவங்க இதுல அதிகமா விழுவாங்க.

நேரம் 1.0 ஆகற வரைக்கும் ஓடுன்னு வைல் லூப்ல சமம் இல்லன்னு போட்டா அது நிக்கவே நிக்காது. 0.1ஐ பத்து தடவை கூட்டினா கம்ப்யூட்டருக்கு 0.9999999999999999தான் வருது, 1 வரதில்ல, அடுத்த ஸ்டெப்ல 1ஐத் தாண்டிப் போயிடும். எப்பவும் ஸ்டெப் எண்ணிக்கையை முழு எண்ணா வச்சு ஃபார் லூப் ஓட்டுங்க.

யூனிட்டையும் பார்த்துக்கோங்க. எலெக்ட்ரான் மாஸ் கிலோகிராம்ல, தூரம் ஆங்ஸ்ட்ராம்ல, எனர்ஜி எலெக்ட்ரான் வோல்ட்லன்னு கலந்து போட்டா வர்ற நம்பருக்கு அர்த்தமே இருக்காது. புரோகிராமோட முதல் வரியிலயே கமென்ட்டா யூனிட்டை எழுதி வைங்க.

6. விடை சரியான்னு நீங்களே செக் பண்ணுங்க

சார் வந்து பார்க்கற வரைக்கும் காத்திருக்க வேண்டாம். விடை முன்னாடியே தெரிஞ்ச கணக்கை முதல்ல குடுங்க. நியூட்டன் ராப்சன்னா (ஈக்வேஷனோட ரூட் கண்டுபிடிக்கறது) எக்ஸ் ஸ்கொயர் − 2, ஆரம்பம் 1. வரிசையா 1.5, 1.416667, 1.414216 வரணும். சிம்ப்சன் 1/3னா (இன்டக்ரேஷன் போடறது) எக்ஸ் கியூபை 0ல இருந்து 1 வரைக்கும் குடுங்க, ரெண்டே இன்டர்வல்ல சரியா 0.25 வரணும், ஏன்னா கியூபிக் வரைக்கும் அந்த ரூல் துல்லியம். ரங்கா குட்டா நாலாம் ஆர்டர்னா (ஆய்லர் மாதிரியே டிஃபரன்ஷியல் ஈக்வேஷனுக்கு, ஆனா இன்னும் துல்லியம்) டிஒய் பை டிஎக்ஸ் = ஒய், ஆரம்பம் 1, ஸ்டெப் 0.1, முதல் ஸ்டெப்லயே 1.105170833 வரணும், உண்மையான விடை 1.105170918. ஆய்லர் இதுக்கு 1.1தான் குடுக்கும்.

இன்னொரு சோதனை, ஸ்டெப்பைப் பாதியாக்குங்க. ஆய்லர்ல தப்பு ஏறக்குறைய பாதியாகணும், ரங்கா குட்டா நாலுல ஏறக்குறைய 16ல ஒரு பங்காகணும். ரங்கா குட்டால அப்படிக் குறையலன்னா ஸ்டெப்புக்கு நடுவுல சரிவு கணக்கு போடற கே2, கே3 வரியில எங்கயோ ஹெச்/2 (பாதி ஸ்டெப்) விட்டுப் போயிருக்கு, பத்துல எட்டு பேருக்கு அங்கதான் இருக்கும்.

ரேண்டம் நம்பரை வச்சு கணக்கு போடற மான்டி கார்லோ இதுக்கு எதிர்மாறு, அங்க விடை ஒவ்வொரு தடவையும் மாறத்தான் செய்யும். ரேண்டமா புள்ளி போட்டு பை (π) மதிப்பைக் கண்டுபிடிக்கறதுல 10,000 புள்ளிக்கு 0.016 அளவுக்கு விலகல் இருக்கறது சாதாரணம், அதைப் பத்துல ஒண்ணாக்கணும்னா 10 லட்சம் புள்ளி வேணும். 3.13 வந்துச்சுன்னு பயந்து நம்பரைத் திருத்தி 3.14ன்னு ரெக்கார்டுல எழுதாதீங்க, எக்ஸ்டர்னலுக்கு இது தெரியும்.

7. ரெக்கார்ட் நோட்டு: மார்க்கும் இங்கதான், சண்டையும் இங்கதான்

எய்ம், ஃபார்முலா, அல்காரிதம், புரோகிராம், அவுட்புட், ரிசல்ட். இந்த வரிசை கிட்டத்தட்ட எல்லா இடத்துலயும் ஒண்ணுதான். அப்சர்வேஷன் நோட்டுல அந்த வாரமே சைன் வாங்கிடுங்க, சேர்த்து வச்சா செமஸ்டர் கடைசில சார் வேற டியூட்டில இருப்பார், நீங்க ஸ்டாஃப் ரூம் வாசல்ல நிப்பீங்க.

பிரின்ட் அவுட் ஒட்டலாமா, கையாலதான் எழுதணுமான்னு முதல் வாரமே கேளுங்க. ஒட்டலாம்னா கிராஃபை வெள்ளை பேக்ரவுண்ட்ல சேவ் பண்ணுங்க, கறுப்பு பேக்ரவுண்ட்ல எடுத்துட்டுப் போனா ஜெராக்ஸ் கடைல மை வழிஞ்சு ஒரே கறையா வரும், அதுக்கும் காசு வாங்குவாங்க. எல்லா எக்ஸ்பெரிமென்ட்டையும் ஒரே பிடிஎஃப்பா சேர்த்து ஒரே தடவையில பிளாக் அண்ட் வைட்ல எடுங்க, நோட்டு, பிரின்ட், பைண்டிங் எல்லாம் சேர்த்தே சில நூறு ரூபாய்ல முடிஞ்சிடும். ரெண்டு கோடு ஒரே கிராஃப்ல இருந்தா கலரை நம்பாதீங்க, ஒண்ணைப் புள்ளிக் கோடா போடுங்க.

முன்னாடி இருக்கற போனஃபைடு பக்கத்துல ரெஜிஸ்டர் நம்பர், பேப்பர் கோடு, லேப் இன்சார்ஜ் சைன், ஹெச்ஓடி சைன் எல்லாம் வேணும். ஹால் டிக்கெட் வந்தப்புறம் ரெஜிஸ்டர் நம்பரை அதைப் பார்த்து எழுதுங்க. ஹெச்ஓடி சைன் எக்ஸாமுக்கு முந்தின நாள் வாங்கலாம்னு விடாதீங்க, அன்னிக்கு மொத்த கிளாஸும் அங்கதான் நிக்கும்.

சாட்பாட்டுல கோட் வாங்கறதப் பத்தி: எல்லாரும் பண்றாங்க, பண்ணலன்னு சொன்னா யாரும் நம்பப் போறதில்ல. எர்ரர் மெசேஜுக்கு அர்த்தம் கேக்க நல்லாவே உதவும். ஆனா முழு புரோகிராமை அப்படியே எடுத்து ஒட்டினா உங்க சிலபஸ்லயே இல்லாத ஃபங்ஷன் உள்ள இருக்கும், ரங்கா குட்டாவை எழுதச் சொன்னா சைபைங்கற பைத்தான் லைப்ரரில இருக்கற ரெடிமேட் சால்வரைக் கூப்பிட்டு ஒரே வரியில முடிச்சிருக்கும். “கே3 எந்த வரி?”ன்னு எக்ஸ்டர்னல் கேட்டா காட்டறதுக்கு வரியே இருக்காது.

8. பிராக்டிகல் எக்ஸாம் அன்னிக்கு

பல காலேஜ்ல மூணு மணி நேரம். சீட்டு எடுத்ததும் முதல்ல பேப்பர்ல அல்காரிதமும் புரோகிராமும் எழுதி சைன் வாங்கணும், அப்புறம்தான் சிஸ்டம். அதனால கீபோர்டுல மட்டும் பழகினா பத்தாது, பேப்பர்ல எழுதியும் பழகணும். முதல் அரை மணி நேரத்துக்குள்ள சைன் வாங்கிடற மாதிரி வீட்ல கடிகாரம் வச்சுப் பண்ணிப் பாருங்க. அடிக்க ஆரம்பிச்சதும் பேர் குடுத்து சேவ் பண்ணுங்க, கரண்ட் போகும், எல்லா லேப்லயும் யூபிஎஸ் வேலை செய்யாது. விடை வரலன்னா அழாதீங்க, அல்காரிதத்துக்கும் வைவாவுக்கும் தனி மார்க் இருக்கு.

வைவால திரும்பத் திரும்ப வர்றது: நியூட்டன் ராப்சன் எப்ப ஃபெயில் ஆகும் (டெரிவேட்டிவ் பூஜ்யத்துக்குப் பக்கத்துல போனா), சிம்ப்சன் 1/3க்கு இன்டர்வல் எண்ணிக்கை ஏன் இரட்டைப்படை (பரவளைவு ஒண்ணுக்கு ரெண்டு இன்டர்வல் வேணும்), பைசெக்ஷனுக்கு ரெண்டு முனையில என்ன இருக்கணும் (எதிரெதிர் குறி).

9. என்பிடெல் எடுக்கறதா இருந்தா

என்பிடெல்னா ஐஐடிங்களோட ஆன்லைன் கோர்ஸ்; பார்க்கறது இலவசம், சர்டிஃபிகேட் எக்ஸாமுக்கு மட்டும் 1000 ரூபா. எஸ்சி எஸ்டி, மாற்றுத்திறனாளி மாணவர்களுக்குப் பாதிக் கட்டணம், அதுக்கு சர்டிஃபிகேட் ஸ்கேன் பண்ணி அப்லோட் பண்ணணும், முன்னாடியே ரெடியா வச்சுக்கோங்க. கோர்ஸ்ல சேர்றது வேற, எக்ஸாமுக்கு ரெஜிஸ்டர் பண்றது வேற, ரெண்டாவதுக்குத் தனி கடைசித் தேதி இருக்கு, அதை விட்டுட்டு சர்டிஃபிகேட் வரும்னு உக்காந்திருக்கறவங்க நெறைய. பேரை ஐடி கார்டுல இருக்கற மாதிரியே குடுங்க, இனிஷியல் முன்னாடியா பின்னாடியான்னு பார்த்துக்கோங்க, சர்டிஃபிகேட்ல அதேதான் வரும்.

மார்க் 25 அசைன்மென்ட், 75 எக்ஸாம். பாஸ் ஆக அசைன்மென்ட்ல 10, எக்ஸாம்ல 30, ரெண்டுமே வேணும். 12 வார கோர்ஸ்னா சிறந்த 8 அசைன்மென்ட் எடுத்துக்குவாங்க. வருஷத்துக்கு ரெண்டு தடவை, ஜனவரியிலயும் ஜூலையிலயும் தொடங்கும், ஆனா எக்ஸாம் வர்ற நேரமும் நம்ம செமஸ்டர் பிராக்டிகல் நேரமும் ஒண்ணா வந்து இடிக்கும், தேதியைப் பார்த்துட்டு சேருங்க. கிரெடிட்டா எடுத்துக்குவாங்களான்னு காசு கட்டறதுக்கு முன்னாடி டிபார்ட்மென்ட்ல கேட்டுக்கோங்க.

10. ரெண்டாம் வருஷ புராஜெக்ட்

சிமுலேஷன்ல புராஜெக்ட் பண்ணணும்னா கைட்டை மூணாவது செமஸ்டர் நடுவுலயே பிடிங்க. குவாண்டம் எஸ்பிரெசோ, லேம்ப்ஸ், குரோமேக்ஸ்னு அணு, மாலிக்யூல் சிமுலேஷனுக்கான சாஃப்ட்வேர் மூணும் இலவசம், லினக்ஸ்ல ஓட்டறது சுலபம், அதனால முந்தின லீவுலயே உபுண்டு போட்டு டெர்மினல் பழகிடுங்க. காசியன் (Gaussian) லைசன்ஸ் வாங்க வேண்டிய சாஃப்ட்வேர், டிபார்ட்மென்ட்ல முறையா வாங்கியிருக்காங்களான்னு கேட்டுட்டு ஆரம்பிங்க, இல்லன்னா நாளைக்கு அந்த ரிசல்ட்டை பேப்பரா போடும்போது மாட்டும். பெரிய சாஃப்ட்வேர் பயமா இருந்தா 2டி ஐசிங் மாடல் (கட்டம் கட்டமா ஸ்பின் வச்ச எளிய காந்த மாடல்) எடுங்க, பைத்தான்ல நூறு வரிக்குள்ள முடியும், சாதா லேப்டாப் போதும், டெம்பரேச்சர் 2.269 (கெல்வின் இல்ல, மாடலோட சொந்த யூனிட்) பக்கத்துல மேக்னடைசேஷன் சரியறதை நீங்களே கிராஃப்ல பார்க்கலாம். 20க்கு 20 லேட்டிஸ்ல ஆரம்பிங்க, அங்க சரிவு கூர்மையா இருக்காது, சின்ன லேட்டிஸ் அப்படித்தான், சைஸைக் கூட்டக் கூட்ட கூர்மையாகும். அந்த மூணு நாலு கிராஃபை ஒண்ணு மேல ஒண்ணா போட்டாலே ரிப்போர்ட்ல ஒரு சாப்டர் ரெடி.